ஐந்தெழுத்து

இரவு இரண்டு நாற்பது.
கோட்டை, யோர்க் வீதி, நாலாம் மாடி.
கப்பல் கம்பெனியின் சர்வர் அறையில்
ஏசி விழித்திருக்கிறது, நானும்.

சுங்கத்திலிருந்து வந்த கோப்பொன்றை
வாசிக்கக்கூடியது என்று நம்பி
அப்படியே திரையில் கொட்டிவிட்டேன்.
மணி நாலைந்து தரம் அடித்தது.
பிறகு என் எழுத்தெல்லாம்
கோடும் மூலையும் சிலுவையுமாய்,
காசு முடிந்து பாதியில் நின்ற
மாடிவீட்டுப் பிளான் மாதிரி.

கதவடியில் காவலிருந்த பந்துசேன
கழுத்தை நீட்டிப் பார்த்தார்.
"மிஸ், இது தமிழா?"
சிங்களத்தில் கேட்டார், சிரிக்காமல் கேட்டார்.
இல்லை அய்யே,
இது ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாதது.

நடந்தது இவ்வளவுதான்:
வேறு எழுத்துக்கு மாறு என்கிற
கண்ணுக்குத் தெரியாத குறியொன்று
கோப்புக்குள் கிடந்திருக்கிறது.
திரும்பி வா என்கிற அதன் சோடி
கிடக்கவில்லை.
எனக்கும் நடப்பதுதான்.
புறக்கோட்டையில் விலை பேசிவிட்டு
நூறாம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தை வந்து
வீட்டுக் கதவைத் திறந்த பிறகும்
அம்மாவுக்கு "ஹரி ஹரி" என்றுதான் பதில்.

பதற்றத்தில் ஓடிய நிரலொன்றைக் கொன்றேன்.
சாகும்போது அது
எதிரொலியையும் கூட்டிக்கொண்டு போயிற்று.
தட்டுகிறேன், ஒன்றும் தெரியவில்லை.
எண்டரை அழுத்தினால்
வரி முடிந்ததென்று நம்ப மறுக்கிறது.

தெகிவளையிலிருந்து சர்ஃபான், போனில், பாதி நித்திரையில்:
"ஓஃப் பண்ணிப் போட்டு ஓன் பண்ணுங்கோ."
மாட்டேன்.
உள்ளே சம்பளம் கணக்காகிக்கொண்டிருக்கிறது,
அஞ்சு மணிக்குச் சரக்குப் பட்டியல் போகவேணும்.
ஊத்தை கண்ணாடியில்,
முகத்தில் இல்லை.

கொன்ட்ரோலும் ஜேயும். பிறகு
ஆர், ஈ, எஸ், ஈ, டீ.
மறுபடி கொன்ட்ரோலும் ஜேயும்.
அம்மா திருநீறு பூசும்போது சொல்லும்
ஐந்தெழுத்து வேறு.
இதையும் கண்ணை மூடிக்கொண்டுதான்.

முதலில் அது தன் பக்கத்தைச் சரிசெய்யும்:
தட்டுவதைக் காட்டு,
வரியாகச் சேர்த்துக் கொடு,
எண்டரை எண்டராக எடு.
பிறகு முனையத்தின் வகை என்னவென்று பார்க்கும்.
சூழல் மாறியில் எழுதியிருக்கும் ஒரு சொல் போதும்,
பொய்யென்றாலும் நம்பும்,
பொய்க்கேற்ற மருந்தை அனுப்பும்.
(ஆமர் வீதிச் சோதனைச் சாவடியில்
ஒரு சொல்லில் விட்டதில்லை.
அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, பிறந்த ஊர்,
பிறகும் ஒரு முறை பிறந்த ஊர்.)

அதனிடம் ஒரு பெரிய பட்டியல்.
பழைய இரும்புக்குப் போய்விட்ட பெட்டிகளின்
பெயரும் குணமும் இன்னும் அதில் உண்டு.
உள்ளே நுழையும்போது சொல்ல ஒரு வரி, மெதுவானது.
நிலைமை கெட்டால் சொல்ல இன்னொன்று,
திரையை ஒரு உலுக்கு உலுக்குவது.
உலுக்கும் வரியை எழுத மறந்திருந்தால்
மெதுவானதையே திரும்பச் சொல்லும்.

சொல்லிவிட்டு ஒரு விநாடி நிற்கும்.
கண்ணாடிக் குழாய்க்காரப் பெட்டிகள்
மூச்சு வாங்கட்டும் என்று
எவரோ எப்போதோ வைத்த விநாடி.
இங்கே பெட்டியே இல்லை, வெறும் ஜன்னல்,
என்றாலும் நிற்கிறது.
துறைமுகத்தில் ஒரு கொள்கலன்
இன்னொன்றின்மேல் இறங்கும் சத்தம்.
பந்துசேனவும் மூச்சை அடக்கியிருந்தார் போல.

திரை வெறுமையானது.
அழிக்கும் விசை இன்னதென்று ஒரேயொரு வரி,
அதன் கீழே துடிக்கும் கட்டம்.

"எல்லாம் அழிஞ்சுதா மிஸ்?"
ஒன்றும் அழியவில்லை அய்யே.
அவர் நம்பவில்லை.
பிளேன்டீக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

சும்மா, பரீட்சைக்கு,
நான் யார் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினேன்.
ஒவ்வொரு எழுத்தும் தட்டத் தட்ட வந்தது.
பதிலும் வந்தது:
இரவுப் பணிக்காரர் எல்லாருக்கும் பொதுவான
அந்தக் கணக்கின் பெயர்.